எட்டாவது மூன்றாமிடம்

திருமலை, கொட்பே ஐஸ் தொழிற்சாலையில்
இரவு வேலை எனக்கு.
கட்டி எண்ணி, துண்டு எழுதி,
படகுக்காரரிடம் காசு வாங்குவது.
குளிரறைக் கதவில் சோக்கட்டியால்
இம்தாத் கோடு கிழித்த நாளிலிருந்து
கணக்கு இரண்டாயிற்று.
அது வேர்க்கிற கதவு. இரவுக்கு இரண்டு தரம்
மறுபடி எழுதவேண்டும்.

நாற்பத்தெட்டு நாடு.
நாலு நாலாய்ப் பன்னிரண்டு குழு.
ஆளுக்கு மூன்றே ஆட்டம்.
வென்றால் மூன்று, சமனென்றால் ஒன்று,
தோற்றால் முட்டை.
முதலிருவர் நேரே உள்ளே.
நாலாமவர் நேரே வீட்டுக்கு;
அதில் சிக்கல் இல்லை, அழுதுவிட்டுப் போகலாம்.
மூன்றாமவர் பாடுதான் பாடு.
பன்னிரண்டு மூன்றாமவரையும் ஒரே வரிசையில் நிறுத்தி
எட்டுப் பேரைக் கூப்பிடுவார்கள்.
ஒருவரோடொருவர் ஆடியேயிராதவர்கள்,
ஒரே மழையில் நனைந்திராதவர்கள்.

எனக்குப் பட்டியல்கள் தெரியும்.
வீட்டுத் திட்டத்தில் ஒருமுறை
நான் நாற்பத்தோராவது.
நாற்பது வீடு கட்டினார்கள்.

எங்களுக்கு வாய்த்தது ஒரு சின்னத் தீவு.
அதன் பெயரைப் பிரியங்கர ஒரு விதமாய்ச் சொல்லுவான்,
இம்தாத் இன்னொரு விதமாய்.
கோல் காப்பவன் ஊரில் பஸ் ஓட்டுகிறவனாம்,
யார் சொன்னதென்று கேட்காதீர்கள்.
முதல் ஆட்டம் மூன்று பூச்சியம், தோல்வி.
கடைசி ஆட்டம் ஒன்று பூச்சியம், தோல்வி.
இடையில் ஒன்று வென்றார்கள், இரண்டுக்கு ஒன்று,
எண்பத்தொன்பதாம் நிமிடத்தில்.
அடித்த பையன் சேட்டைக் கழற்றித்
தலைக்குமேல் சுழற்றி
மூலைக்கொடி வரை ஓடினான்.
நாங்களும் ஓடினோம், தரை வழுக்கும் என்பதை மறந்து.
மஞ்சள் அட்டையை ஒருவரும் பார்க்கவில்லை.
நான் பார்த்தேன். குறித்தும் வைத்தேன்.
துண்டு எழுதிப் பழகிய கை.

மூன்று புள்ளி. கோல் வித்தியாசம் கழித்தல் மூன்று.
இனி அவர்கள் செய்ய ஒன்றுமில்லை,
மற்றவர்கள் தோற்கிறார்களா என்று
பார்த்துக்கொண்டிருப்பதைத் தவிர.

மூன்று நாள்.
கச்சான் காற்று தகரத்தை அறைந்துகொண்டேயிருந்தது.
பலநாள் படகுகள் முந்நூறு கட்டி, நானூறு கட்டி என்று
ஏற்றிக்கொண்டு போயின.
ஒரு கட்டியை வெளியில் மறந்துவிட்டால்
விடியுமுன் பாதி.
வெள்ளி இரவு ஐந்தாவதாய் இருந்த தீவு
நடுச்சாமத்தில் ஏழு,
சுபஹு பாங்கு கேட்கையில் எட்டு.

எங்கோ ஒரு ஹோட்டலில் இருபத்தாறு பேர்.
பைகள் அடுக்கியாயிற்று, சிப் இழுக்கவில்லை.
சமையலாள் வந்து கேட்கிறான்,
நாளைக்கு எத்தனை பேருக்குச் சாப்பாடு?
இதை நான் பார்க்கவில்லை.
ஆனால் இப்படித்தான் இருந்திருக்கும்.

கடைசிக் குழு. கடைசி ஆட்டம்.
அங்கே மூன்றாவதாய் வந்தவர்களுக்கும் மூன்று புள்ளி.
அவர்களுக்கும் கழித்தல் மூன்று.
அவர்களும் போட்டது இரண்டு கோல்.
இம்தாத் சோக்கைக் கீழே வைத்தான்.
"இனி என்ன, காசு சுண்டுறதா?"
"இல்ல," என்றேன், "அட்டை எண்ணுறது."

கொப்பியைப் புரட்டினேன்.
அவர்களுக்கு நாலு மஞ்சள்.
தீவுக்கும் நாலு.
அந்தச் சேட்டையும் சேர்த்தால் ஐந்து.

தொலைக்காட்சியில் யாரோ யாரையோ கட்டிப்பிடித்தார்கள்.
பிரியங்கர மட்டும், வெகுநேரம் கழித்து,
தன் அரைத் தமிழில் கேட்டான்:
"கழட்டாம எப்பிடி இருக்கிற?"

யோகநாயகத்தின் படகு வந்து ஹோர்ன் அடித்தது.
இருநூற்றைம்பது கட்டி.
துண்டு எழுதினேன். மிச்சக் காசு கொடுத்தேன்.
திரும்பி வந்தபோது
இம்தாத் ஈரத் துணியால் கதவைத் துடைத்திருந்தான்,
பன்னிரண்டு வரியில் பதினொன்றை.
எட்டாம் கோட்டுக்குக் கீழே
ஒரு பெயரை மட்டும் விட்டிருந்தான்,
எழுத்துப் பிழையோடு.